கடைசி மூன்று சர்வர்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்தாலும் மறப்பார்கள்; மிஷின் படுத்துவிட்டால் மறக்கவே மாட்டார்கள். சர்வீஸ் பையைத் தூக்கிய உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தொண்ணூறுகளில் காரைக்குடி வட்டாரத்தில் நான் பார்த்துக்கொண்டது ஒரே வரிசை சர்வரை. பீரோ உயரம், பீரோ கனம். ஒருநாள் கம்பெனி அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. மிச்சமிருந்த மூன்று இடங்களிலும் புது மிஷினுக்கு மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. மூன்றும் மாறிவிட்டால் எனக்கு வேலை கிடையாது என்று மதுரை மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். என் மனைவிக்கோ அப்போதுதான் இந்த ஊரில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டச் சொல்லி, அரிவாளையும் நம் கையிலேயே கொடுத்தார்கள்.

கடிதம் கொண்டுபோன கதை

முதலில் சாக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்பெனிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். இனி ஸ்பேர் வராது, பழுதானால் வழியில்லை என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். மனுஷர் எழுந்து போய், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி மிஷின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"நிப்பாட்டுனது ஒங்க கம்பெனிதான தம்பி? எங்க மிசினு ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

ஆரோக்கியமேரி கேட்ட கேள்வி

மில் மிஷினை ஐப்பசி இடி ஒன்று தீர்த்துவைத்தது; அங்கே புதுசு வந்தது. அடுத்தது தேவகோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகள் பதிவைப் பார்த்துக்கொண்ட ஆரோக்கியமேரி, இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார். எல்லாம் புதுசுக்குப் போனதும் பழைய மிஷினை அணைத்தேன். அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மிஷின் மேல் போர்த்தியிருந்த துணியை அவர் மடித்துக்கொண்டே, "இன்னும் எத்தன சார் பாக்கி?" என்றார். என் நிலைமை அவருக்குத் தெரியும். ஒன்றுதான் என்றேன்.

"அப்ப அதை மெதுவாப் பாருங்க சார். நான் ஜெபத்துல சொல்லிக்கிறேன்."

ஆளுக்கொரு துண்டு

அந்த ஒன்று, காரைக்குடியில் மருந்து மொத்த வியாபாரம் செய்த மூன்று அண்ணன் தம்பிகளுடையது. புதுசுக்கு மாற்றத் தேவையான தலைமைப் பாஸ்வேர்டை ஒருவரிடம் விடப் பயந்து ஆளுக்கொரு துண்டாக வைத்திருந்தார்கள். ஒருவர் துண்டு மற்றவருக்குத் தெரியாது. பிறகு பாகம் பிரிந்து, பேச்சும் நின்றுபோனது. பாஸ்வேர்ட் இல்லாமலே திறக்கும் டேப்பையும் கம்பெனி அந்த வரிசையோடு சேர்த்து நிறுத்திவிட்டது.

ஒரு காலையில் மூவரும் வந்தார்கள். பெரியவர் முதலில் தன் துண்டைத் தட்டினார், பிறகு இரண்டாமவர், பிறகு சின்னவர். தட்டுகிறவர் தவிர மற்ற எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றோம். திறக்கவில்லை. இன்னொரு தடவை. திறக்கவில்லை. "அண்ணன் மறந்துட்டாக போல" என்று சின்னவர் என்னிடம் சொன்னார். "அவனை ஒழுங்காப் போடச் சொல்லுங்க" என்று பெரியவரும் என்னிடமே சொன்னார். "திறக்காட்டிப் பழசே ஓடட்டும், விடுங்க" என்றார் இரண்டாமவர்.

எனக்குச் சுருக்கென்றது. மிஷின் வந்த அன்று நானும் இருந்தேன். பெரியவர் திருக்கோஷ்டியூர் போய்விட்டுத் தாமதமாக வந்ததால், பாஸ்வேர்ட் வைக்கும்போது தம்பிகள்தான் முதலில் தட்டினார்கள். சின்னவர், அப்புறம் இரண்டாமவர். கடைசித் துண்டு பெரியவருடையது. இன்று வயசுக்கு மரியாதை கொடுத்து அவரை முதலில் உட்காரவைத்ததுதான் கோளாறு. நான் வாயை மூடிக்கொண்டால் பழசு ஓடும், என் வேலையும் ஓடும். மூன்றாவது தடவை அவர்கள் அதே வரிசையில் தட்டியபோதும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஸ்பேர் இல்லாத மிஷின் என்றைக்காவது நிற்கும். அன்றைக்கு இத்தனை ஊர் மருந்துக்கடைக்கும் சரக்கு நிற்கும். "சின்னவர் முதல்ல போடட்டும், நீங்க கடைசியாப் போடுங்க. அன்னைக்கு அப்படித்தான் போட்டீங்க" என்று பெரியவரிடம் சொன்னேன். திறந்துகொண்டது. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதைத் தெரிஞ்சுக்கிட்டேவா தம்பி இம்புட்டு நேரம் செவத்தைப் பாத்துக்கிட்டு நின்னீக?"

நம் தொழிலில் வேலையை ஒழுங்காக முடித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாராட்டுக் கடிதமும், இனி வர வேண்டாம் என்ற கடிதமும் ஒரே கவரில் வரும்.