பேச்சை எழுதிய போன்

இது நடந்த நாள் ஆகஸ்ட் பதிமூன்றாம் தேதி, புதன்கிழமை. நேரத்தையும் நிமிஷம் பிசகாமல் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் ஒரு போன் எழுதி வைத்திருந்தது. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தேன். பார்த்திராவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இன்பமேரிக்கு வயது நாற்பத்தொன்பது. ஏற்காடு பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. கணவர் இல்லை. ஒரே மகன் மெல்வின், சேலத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுச் சளிக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். சளி போனது. கூடவே இரண்டு காதும் போனது. பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் அவளுக்குத் தெரியாது. பேச மட்டும் பேசுவாள்.

ஜூன் மாதம் மெல்வின் புது போன் வாங்கி வந்தான். அதில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். எதிரில் இருப்பவர் பேசப் பேச, அது தமிழில் எழுதிக் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் நேரம் குறிக்கும். பேச்சு விட்டுத் தொடங்கினால் போன் ஒருமுறை அதிரும்.

அதில் கோளாறுகளும் இருந்தன. சோப்புத் தண்ணீரில் தேய்ந்த அவள் விரலை அந்த போன் அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. ஆப் ஓடினால் சார்ஜ் மளமளவென்று இறங்கும். யார் பேசினார்கள் என்று பிரித்துக் காட்டாது. பத்துப் பேர் பேசினாலும் ஒருவரே பேசுவது போல வரி வரியாகப் போட்டுக்கொண்டே போகும். சத்தங்களுக்கும் பெயர் எழுதும். கடுகு தாளித்தால் ‘கைதட்டல்’ என்று வரும். அவளோடு வேலைக்கு வரும் தோட்டக்காரி கண்ணாயி இருமினால் ‘நாய் குரைப்பு’ என்று வரும்.

ஒருநாள் கண்ணாயி, “ஏனுங்க மேரிம்மா, ஊட்டுக்குப் போலாமுங்களா?” என்று கேட்டாள். போனில், ‘ஊட்டிக்கு போலாமுங்களா’ என்று வந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஆனாலும் அந்த போன் அவளுக்குப் பொக்கிஷம். பதினோரு வருஷம் கழித்து மாதா கோயிலில் சாமியாரின் பிரசங்கத்தை முழுசாகப் படித்தாள். கறிக்கடையில் நின்றபோது முதுகுக்குப் பின்னால், ‘இந்தச் செவிட்டுப் பொம்பளை எப்பவும் முந்திக்கிறா’ என்று யாரோ சொன்னதையும் படித்தாள். இத்தனை வருஷம் தன் முன்னாலேயே என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

கரடியூர் போகும் வழியில், காபித் தோட்டத்துக்கு நடுவில் பழைய பங்களா ஒன்று இருக்கிறது. இப்போது அதை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மூன்று வருஷமாக அதைப் பெருக்கித் துடைப்பது இன்பமேரிதான்.

பதினைந்தாம் தேதி ஆறு பேர் வருவதாக இருந்தது. புதன்கிழமை கண்ணாயி ஒரு மணிக்கே கிளம்பிவிட்டாள். அவள் வீட்டு மாடு கன்று போடும் நேரம். இரண்டு மணிக்கு ஜீப் டிரைவர் வேலுசாமி புதுப் போர்வைகளை இறக்கினார். நின்று, வாயை அகலமாகத் திறந்து பேசினார்.

“நாலு மணிக்குள்ள வந்துடறனுங்க. கேட்டைப் பூட்டிக்குங்க.”

அவள் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பங்களாவில் அவள் மட்டும்தான்.

போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போர்வை விரிக்கத் தொடங்கினாள். வேலுசாமி சீக்கிரம் வந்து கூப்பிட்டால் தெரியட்டும் என்று ஆப்பை ஓடவிட்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன. பிறகு கேட் மறைந்தது.

2:47. போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

‘காலடிச் சத்தம்.’

தன் காலடியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். கட்டிலின் மறுபக்கம் போனாள்.

2:53. மறுபடி அதிர்ந்தது.

‘புதுப் போர்வை.’

‘நல்லாயிருக்கு.’

வேலுசாமி திரும்பி வந்துவிட்டார் போல என்று கூடத்துக்கு வந்தாள். யாரும் இல்லை. வராந்தாவுக்குப் போனாள். ஈரம் பட்ட சிமெண்டுத் தரை. அதில் ஒரு தடம்கூட இல்லை. கேட் வரை நடந்து போய்ப் பார்த்தாள். போட்ட சங்கிலி போட்டபடி இருந்தது.

கடுகைக் கைதட்டல் என்று எழுதுகிற போன்தானே, எதையாவது உளறும். அப்படிச் சொல்லிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கதவை மட்டும், என்னவோ தோன்றி, திறந்தே வைத்தாள்.

3:02.

‘வெள்ளிக்கிழமை வர்றாங்க.’

‘எத்தனை பேரு.’

‘ஆறு.’

அவள் கை போர்வையின் மேல் அப்படியே நின்றது. ஆறு பேர் என்பது சரி. வெள்ளிக்கிழமை என்பதும் சரி. இது உளறல் இல்லை.

3:05. மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. போனைப் பார்த்தாள். மேலே சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக் கோடு. சிக்னல் இல்லையென்றால் தமிழில் எழுதாது என்று மெல்வின் சொல்லியிருந்தான். இரண்டு மாதத்தில் ஒருநாளும் எழுதியதில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதியது.

‘இவளுக்குக் கேக்காதா.’

‘காதுல கேக்காது. மூணு வருஷமா பேசறோமே.’

இன்பமேரி திரும்பினாள்.

அறை காலியாக இருந்தது. இரண்டு கட்டில். ஒரு பீரோ. ஜன்னலில் வெள்ளையாகப் பனி.

‘திரும்பறா.’

அவள் அசையாமல் நின்றாள்.

‘எதுக்குத் திரும்பறா.’

‘கையில என்ன.’

போனைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இனி ஒரு எழுத்தும் பார்க்கக் கூடாது. நெஞ்சின் மேல் போன் அதிர்ந்தது. நின்றது. அதிர்ந்தது. நின்றது... பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடப் பயமாக இருந்தது. காது கேட்கிறவர்களுக்கு ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது தெரியும். அவளுக்கு இருந்தது அந்தத் திரை ஒன்றுதான்.

பார்த்தாள்.

‘படிக்கிறா.’

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

3:11... 3:12... 3:13...

திரை வெறுமையாக இருந்தது. சார்ஜ் ஒன்பது சதவீதம். கதவு மூன்று எட்டு தூரத்தில் இருந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

3:14.

‘அக்கா.’

அவள் திரையைக் கண்ணருகே கொண்டுவந்தாள்.

‘அக்கா... கேக்குதா.’

பதினோரு வருஷமாக அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் பதில் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. அவள் நினைப்பதற்குள் வாய் திறந்துவிட்டது. தன் குரல் தனக்கே கேட்காது. போன்தான் எழுதிக் காட்டியது.

‘கேக்குது.’

அதற்குக் கீழே, 3:15.

‘கைதட்டல்.’

அடுப்பு எரியவில்லை.

கடுகு இல்லை.

‘கைதட்டல்.’

‘கைதட்டல்.’

அவள் ஓடினாள்.

செருப்பு வராந்தாவிலேயே கிடந்தது. சங்கிலியைத் திறக்க மூன்று முறை சாவி வழுக்கியது. பனிக்குள் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. கையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டே வந்தது. அவள் பார்க்கவில்லை. ஜீப் வரும் சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. மஞ்சள் வெளிச்சம் முகத்தில் அடித்தபோதுதான் நின்றாள். பம்பர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

வேலுசாமி குதித்து இறங்கினார். ஏதோ பேசினார். அவள் போனைத் தூக்கிப் பார்த்தாள். அணைந்து போயிருந்தது. அவர் உதட்டைப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தபடியே அவர் கேட்டதை அவளால் படிக்க முடிந்தது.

“கூட வர்றது யாருங்க?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகொரு நாள் இதைப் பற்றி நான் வேலுசாமியிடம் கேட்டபோது, “பனியில ஏதோ நெழலுங்க” என்றார். சொல்லிக்கொண்டே ஜீப்பைக் கிளப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் போனைச் சார்ஜில் போட்டு, மெல்வினுக்குச் செய்தி அனுப்பினாள். ‘சாமி, உடனே வா.’ மகனை அவள் கூப்பிடுவது அப்படித்தான். வேறெதுவும் எழுத வரவில்லை. அவன் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, ஏழே முக்காலுக்கு வந்து சேர்ந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்டான். பிறகு தன் போனில் தட்டச்சு செய்து காட்டினான்.

‘சில நேரம் ஆப் இப்படித் தப்பா எழுதும்மா. நீங்க நொம்ப பயந்துட்டீங்க. அதுல மூணு நாள் பேச்சு பதிவாகியிருக்கும். இருங்க, பார்க்கலாம்.’

அவள் போனை எடுத்துப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனான். திங்கட்கிழமைக்கு வந்ததும் அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. தனியாக வேலை செய்யும்போது அம்மா முணுமுணுப்பது அவனுக்குத் தெரியும். சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகியதுதான்.

பிறகு சிரிப்பு நின்றது. போனை அவள் பக்கம் திருப்பினான்.

திங்கட்கிழமை, காலை 11:20.

‘சாவியை எங்க வெச்சேன்.’

‘ஜன்னல்கிட்ட.’

‘ஆமா இங்கதான் இருக்கு.’

முதல் வரி அவள் சொன்னது. மூன்றாவதும் அவள் சொன்னதுதான். சாவி ஜன்னல் கட்டையில் கிடைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நடுவில் இருந்த வரி...

மெல்வின் இன்னும் கீழே தள்ளினான். 11:34.

‘இந்தப் பையன் சாப்பிட்டானோ என்னமோ.’

‘எந்தப் பையன்.’

‘மெல்வின்.’

‘எங்க இருக்கான்.’

‘சேலத்துல. மொபைல் கடையில.’

‘கல்யாணம் ஆயிடுச்சா.’

‘எங்க ஆச்சு. இருபத்தாறு முடியப்போகுது.’

இன்பமேரி திரும்பத் திரும்பப் படித்தாள். பதில்கள் எல்லாம் தன்னுடையவை. அன்று பங்களாவில், போனைப் பார்க்காமல், போர்வைகளை மடித்துக்கொண்டே இதையெல்லாம் நினைத்தது நினைவிருந்தது. கேள்விகளைத் தன் மனசு கேட்பதாகத்தான் அவள் எண்ணியிருந்தாள். அன்று மட்டும் இல்லை. மூன்று வருஷமாக அந்தப் பங்களாவில் வேலை செய்யும்போதெல்லாம் அப்படித்தான் எண்ணியிருந்தாள்.

மறுநாளே வேலுசாமியிடம் சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டாள். பங்களாவுக்கு இன்றும் ஆட்கள் வந்து தங்கிப் போகிறார்கள். யாரும் எந்தக் குறையும் சொன்னதில்லை. அவள் அந்தப் பக்கம் போவதில்லை. ஆப்பையும் அழித்துவிட்டாள். இப்போது அவளிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நோட்டில்தான் எழுதிக் காட்ட வேண்டும். நானும் அப்படித்தான் கேட்டேன்.

ஆனால் அவள் தன் ஜெபங்களைக்கூட இப்போது வாய்விட்டுச் சொல்லாததற்குக் காரணம் பங்களா இல்லை. அந்தப் புதன்கிழமை இரவு, அந்த வரிகளைப் படித்த பிறகு, மெல்வின் அவள் போனைக் கீழே வைத்தான். பிறகு தன் போனை எடுத்தான். தட்டச்சு செய்தான். அழித்தான். மறுபடி தட்டச்சு செய்து அவள் கையில் கொடுத்தான்.

‘நேத்து சாயங்காலம் கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. போன் எதுவும் பார்க்கலை. இங்க மெல்வின் யாருன்னு கேட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நெனச்சு நான்தாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம், அம்மா அங்க ஒத்தையா இருக்காங்கன்னு கவலைப்படாத கண்ணு, நாங்க கூடவே பேசிட்டுத்தான் இருக்கோம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.’