விடுதலை வாரியத்துக்கு ஆள் தேடியபோது

அரசாங்கக் கமிட்டிக்கு ஆள் பிடிப்பது வரன் பார்ப்பதைவிடக் கஷ்டம். இங்கே இரண்டு தரப்பும் சம்மதிக்காமலேயே தாலி கட்டிவிடுவார்கள். டில்லியில் ஃபைல் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடலாமா என்று பார்த்துப் பரிந்துரைக்கும் வாரியம் ஒன்று. உறுப்பினர்கள் எல்லோரும் பெரிய அதிகாரிகள், யாருக்கும் நேரமில்லை. கூட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வெளியாட்களையும் சேர்த்து விதிகளைத் திருத்தி எழுதும் வேலை, செக்‌ஷன் ஆபீசரான என் தலையில் விழுந்தது.

பதிலாக வந்தவர்கள்

ஒருவழியாக ஒரு கூட்டம் கூடியது. அதிகாரிகள் அத்தனை பேரும் தங்களுக்குக் கீழே இருப்பவர்களை அனுப்பியிருந்தார்கள். வராத என் மேலதிகாரியின் நாற்காலியிலிருந்து நான் விறைப்பாக எழுந்து, பதிலாள் வந்தால் விதிப்படி கூட்டமே செல்லாது என்று விளக்கினேன். எதிரே சமோசா தின்றுகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அச்சா, அப்போ நீங்க யாருக்குப் பதிலா வந்திருக்கீங்க?"

மோதி பாக் வேட்பாளர்

வெளியாட்கள் தேடும் செய்தி எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. பரப்பியது நான்தான், காய்கறி வண்டிக்காரரிடம்கூடப் பெருமையடித்திருந்தேன். மகன் வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு அதிகாரி ஒருவர், தஞ்சாவூர்க்காரர், அதுவரை என் வணக்கத்துக்குத் தலைகூட அசைக்காதவர், பார்க்கில் என்னை "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் உச்சி குளிர்ந்து, புது உறுப்பினர்கள் சிறைக்கே போய்க் கைதியிடம் பேச வேண்டியிருக்கும் என்று உளறிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "நேர்ல வேற பாக்கணுமா? ஃபைலை ஆத்துக்கு அனுப்பிடுங்கோ, பாத்துக் கையெழுத்துப் போட்டுடறேன்!"

செல்வியின் கேள்வி

செல்வி சேலம் பக்கத்துப் பெண். டில்லியில் வீட்டு வேலை செய்பவர். கணவர் முருகேசன் ஒரு கொலை வழக்கில் ஆயுள் கைதி. கூட்டம் நடக்காததால் அவர் விஷயம் அப்படியே நின்றிருந்தது. அதை விசாரிக்க என் அலுவலகத்துக்கு வந்தார்.

தமிழ் காதில் விழுந்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மனநல மருத்துவர் வருவார், வராத உறுப்பினரை நீக்கலாம் என்று என் வரைவின் அழகையெல்லாம் விவரித்தேன். அந்த வரைவோ, நான் கமா போட்டு, கமா எடுத்து, மாதக்கணக்கில் என் மேஜையிலேயேதான் கிடந்தது. செல்வி பொறுமையாகக் கேட்டு முடித்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். இது அவரு உசுரோட இருக்கறப்பவே நடக்குமா?"

டாக்டரம்மா

அன்றைக்கே கமாவை விட்டுவிட்டு, ஃபைலை நானே மேஜை மேஜையாகத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தேன். விதி திருந்தியது. மனநல மருத்துவர் ஒருவர் உறுப்பினரானார். நான் சிபாரிசு செய்த ஒருவர்கூடத் தேறவில்லை. அந்த டாக்டரம்மா சிறைக்குப் போய் முருகேசனிடம் பேசினார். வாரியம் பரிந்துரைத்தது, மேலிடம் ஒப்புக்கொண்டது, முருகேசன் வெளியே வந்தார்.

செல்வியோடு அலுவலகத்துக்கும் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். அவர் டாக்டரம்மாவைப் பற்றியே பேசினார். "எல்லாரும் நான் என்ன செஞ்சேன்னுதான் கேட்டாங்க சார். அந்தம்மாதான் இனிமே என்ன செய்யப் போறேன்னு கேட்டாங்க."

ஆளைச் சிறையிலிருந்து எழுப்பி அனுப்புவதைவிட நாற்காலியிலிருந்து எழுப்புவதுதான் கஷ்டம் என்று, என் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்.