அடித்தகட்டின் பன்னிரண்டாவது போல்ட்டு

மோட்டார் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்வதில் எங்கள் மாமாவை அடிக்க ராயபுரத்தில் ஆள் கிடையாது என்று எட்டு வயதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். இல்லை என்கிறவர்கள் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தெற்கேயிருந்து வந்து கருப்பட்டி மண்டி வைத்திருந்த முதலாளி ஒருவரின் மோட்டாரை ஓட்டினார், பழுதும் அவரே பார்த்தார். அந்த வருஷம் விஷக் காய்ச்சலில் இரண்டு மாதம் படுத்துவிட்டார். ஓட்டுவதற்குத் தற்காலிகமாக ஒருவன் வந்தான். கழுவித் துடைக்க அப்பா போனார். துறைமுகத்தில் கப்பல்கள் கரையோடு ஒட்டி நிற்க ஆரம்பித்த பிறகு கப்பல் சரக்கைக் கரைக்கு ஏற்றி வந்த அப்பாவின் படகைக் கூப்பிட யாரும் இல்லை. எங்கள் வீட்டு உலை அந்தக் கழுவுகிற வேலையில்தான் கொதித்தது.

அப்பா கடல்காரர். ஆயுள் முழுக்கப் படகைக் கடல் தண்ணீரில் கழுவியவர், மோட்டாரையும் அப்படியே கழுவினார். பத்தடியில் அவ்வளவு பெரிய கடலை வைத்துக்கொண்டு குழாயடியில் எதற்குக் கால் கடுக்க நிற்பது? நானும் குடத்தில் மொண்டு வந்து கொடுத்தேன். அடிப்புறத்தையும் விடாமல் வாரி வாரி அடித்தார். பிறகு எண்ணெய்த் துணியால் மேலே ஒரு துடை. வண்டி பளபளவென்று நின்றது. முதலாளிக்குப் பரம திருப்தி.

மாமா எழுந்து வேலைக்குப் போன முதல் வாரமே எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டியது. கல்லும் சேறும் தெறிக்காமலிருக்க எஞ்சினுக்கு அடியில் ஒரு தகரத் தகடு மாட்டியிருக்கும். பன்னிரண்டு போல்ட்டு. அதை இறக்கினால்தான் ஒழுக்கு எங்கே என்று தெரியும். மறுநாள் செங்கல்பட்டில் முதலாளி மகளுக்கு நிச்சயதார்த்தம். "பொழுது சாயறதுக்குள்ள வண்டி ஆகணும். ஆகலைன்னா நீ வீட்டோட இருந்துக்கடே" என்று சொல்லிவிட்டு, ஷெட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவும் நானும் பக்கத்தில் நிற்க, மாமா வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெகுநேரம் சத்தமே இல்லை. நான் குனிந்து பார்த்தேன். துருவை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஷெட்டின் கூரையைப் பார்த்தார்.

"மச்சான், அந்தக் கிருஷ்ணாயில எடு" என்றார் மாமா.

போல்ட்டுக்குப் போல்ட்டு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். சின்னச் சுத்தியலால் குழந்தையைத் தட்டுகிற மாதிரி தட்டினார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேணாம் மச்சான். பலத்தக் காட்னா தலை மட்டும் முறிஞ்சி கைக்கு வந்துரும். மீதி உள்ளயே நின்னுக்கும். அப்பால துளை போட்டுத்தான் எடுக்கணும், நாலு நாளு ஆவும்."

மாமா ஸ்பானரை மாட்டி முதலில் இறுக்கினார், ஒரு மயிரிழை. கழற்ற வந்தவர் இறுக்குகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் மாமா என்று கேட்டேன்.

"கொஞ்சம் முன்னால போவ வுட்டாதான் கண்ணு பின்னால வரும்."

வந்தது. ஒன்று, இரண்டு என்று நான் எண்ண எண்ண மத்தியானத்துக்குள் பதினொன்று வந்துவிட்டது. பன்னிரண்டாவது அசையவில்லை. துரு தின்று அதன் தலையே பாதிதான் இருந்தது. மாமா எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் சுத்தமாகத் துடைத்தார். கம்பி ஒன்றைக் கரியடுப்பில் பழுக்கக் காய்ச்சி அந்தத் தலையில் வைத்து அழுத்தினார். "வண்டியக் கொளுத்திப் போடாதடே" என்று முதலாளி எழுந்தே விட்டார். மாதா படத்துக்கு முன்னால் ஏற்றுகிற மெழுகுவத்தியை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லி மாமா என்னை முன்பே அனுப்பியிருந்தார். சூடான போல்ட்டில் அதை வைத்ததும் மெழுகு உருகித் திருகு மரைக்குள் கசிந்து ஏறியது. ஸ்பானரை மாட்டி, மூச்சைப் பிடித்து, மெல்ல இறுக்கி, மெல்லத் திருப்பினார். கிறீச்சென்றது. பன்னிரண்டும் முழுசாக வந்தன, ஒன்றுகூட முறியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒழுக்கை அடைத்துத் தகட்டைத் திரும்ப மாட்டும்போது முதலாளி ஒரு போல்ட்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். "என்னடே இம்புட்டுத் துரு? வண்டி வாங்கி ரெண்டு வருஷம் ஆகல. இது யாரு பார்த்த வேலை?"

அப்பா எழுந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டிக்கு அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"நான்தான் மொதலாளி. காய்ச்சலுக்கு முந்தி எண்ணூருக்கு எட்த்துகினு போயி அலையில வுட்டு ஓட்டினேன். ஏதோ ஆசை. தப்புதான்."

முதலாளி போல்ட்டைக் கீழே வைத்தார். "செங்கல்பட்டு போயிட்டு வந்ததும் சாவியை மேசையில வச்சிட்டுப் போயிரு" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீரு இரும். ஒம்மள மாதிரி வண்டி கழுவ ஆள் கிடைக்காது" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரே ஒரு தரம் மோட்டாரில் கூட்டிப்போ என்று எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன். என்னை விட்டுவிட்டு எண்ணூர் வரைக்கும் போயிருக்கிறார், அதுவும் அலையில். இரண்டு நாள் மாமாவோடு நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதது எனக்கு நியாயமாகவே பட்டது. அப்பாவையும்தானே அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை.