பத்து லட்சத்து ஒன்று

பெரியப்பா சாவுக்கென்று திருநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் கண்ணில் பட்டது. ‘கணித மேதை’ என்று போட்டிருந்தார்கள். ஈரம் காயாத மைதாப் பசையின் புளித்த வாசனையில் எனக்கு அவர் வீட்டு முன்னறைக் கரும்பலகை ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் அதில் 10,00,001 என்று எழுதி, யாரையும் அழிக்க விடமாட்டார். வருகிறவர்களிடமெல்லாம், “இது பகா எண். எதால வகுத்தாலும் மீதி வரும்” என்பார். ஒருத்தரும் வகுத்துப் பார்த்ததில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

ஏழாம் வகுப்பு லீவில் நான் இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனேன். நூற்றியொன்றில் மீதியே இல்லாமல் 9,901 வந்தது. நோட்டைக் காட்டினேன்.

ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூடினார். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுக் கணக்கு? போயி டம்ளரக் கழுவு.”

கழுவினேன். மறுநாள் வந்தவரிடம், “நூறு வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி வரும்” என்றார். அவரும் தலையாட்டினார்.

போஸ்டரின் அடியில், வருந்துவோர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அதையும் யாரும் சரிபார்க்கவில்லை.