தமிழ்மாறனின் பாதி

புதுச்சேரி உழவர்கரையில் புருஷோத்தமன் வீட்டு முன்னறையில் மனிதர் உட்கார இடம் கிடையாது. யாராவது வந்தால் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு பெட்டியின் மேல்தான் உட்கார வேண்டும். எல்லாம் பழசு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தாக்கள் எழுபதுகளில் லீவுக்கு ஊர் வரும்போது ஆசை ஆசையாகக் கொண்டுவந்து இறக்கியவை. சொல்தா காலமாகி, பிள்ளைகள் பிரான்சிலேயே தங்கிப்போய், வீட்டை விற்கிற நாள் வரும். அன்றைக்குக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஆள் போட்டி போடும். இந்த மரப்பெட்டிகளை வாங்கப் புருஷோத்தமன் மட்டும் போவார்.

கடற்காற்றுக்கு மரம் தாங்கும், உள்ளே இருப்பது தாங்காது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றி இருக்கிற ஸ்பாஞ்சு வளையம் விரல் பட்டாலே உதிரும். அதைச் சுரண்டி எடுத்துப் புது வளையம் ஒட்ட வேண்டும். காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்ற வேண்டும். மரத்துக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும். மில் மூடிய பிறகு அவருக்கு இது பிழைப்பு. அதற்கு முன்னால் பைத்தியம்.

பைத்தியம் பிடித்திருந்தது இரண்டு பேருக்கு. இன்னொருவர் தமிழ்மாறன். இரண்டு பேரும் ஒரே துணி மில்லில் வேலை செய்தவர்கள். புருஷோத்தமன் தறிகள் ஓடுகிற கூடத்தில் அவற்றைப் பழுதுபார்க்கிற லூம் ஃபிட்டர். தமிழ்மாறன் ஸ்டோரில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற கிளார்க். ஒரு நாள் தறிக்கு போல்ட் வாங்கப் போன இடத்தில், ஸ்டோர் மேசைக்குக் கீழே ஒரு பழைய ஸ்பீக்கர் கூம்பைப் புருஷோத்தமன் பார்த்துவிட்டார். அன்றைக்குத் தறி ஓடத் தாமதமானது. சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

தறிக் கூடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. பழகியவர்கள் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வாயை மட்டும் அசைத்து மேஸ்திரியைத் திட்டுவார்கள், பக்கத்தில் நிற்கிற மேஸ்திரிக்குத் தெரியாது. புருஷோத்தமன் அதில் கெட்டிக்காரர். வாலிப வயதில் உள்ளே போனவர், தலை நரைத்து மில் மூடியபோது வெளியே வந்தார். "அவ்ளோ சத்தத்துல இருந்தும் என் காதுக்கு ஒண்ணும் ஆவல பாரு" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சண்டே மார்க்கெட்டில் இரண்டு பேரும் சேர்ந்து துழாவுவார்கள். மத்தியானம் புருஷோத்தமன் வீட்டில் வேலை நடக்கும். ஒருவர் பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டிருப்பார், மற்றவர் எதிரே உட்கார்ந்து கேட்பார். உள்ளே இருக்கிறவர் "சரியா இருக்கா?" என்பார். வெளியே இருக்கிறவர் சொல்வதுதான் தீர்ப்பு. வேலை செய்தவன் தன் வேலைக்குத் தானே தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

துய்மா வீதியில் ஒரு சொல்தா வீட்டில் அந்த ஜோடி கிடைத்தது. பிரெஞ்சுப் பெட்டிகள், இடுப்பு உயரம், தேன் நிற மரம். இவ்வளவு நாளில் அவர்கள் கை பட்டதிலேயே அழகான ஜோடி அதுதான். இதை விற்பதில்லை, நமக்கே வைத்துக்கொள்வோம் என்று இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். புருஷோத்தமன் அவசரக்காரர், ஒரு பெட்டியைத் தனியாகவே முடித்துவிட்டார். அதில் கீச்சென்று வரவேண்டிய மேல் சத்தம் மங்கியிருப்பதாக அவருக்குப் பட்டது. அந்தச் சத்தத்தைத் தருகிற சின்ன ஸ்பீக்கர், கிழட்டு ட்வீட்டர், பலம் போயிருக்கும் என்று நினைத்து, மேல் சத்தத்தை அடக்கி வைக்கிற ரெசிஸ்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக ஒயரை இழுத்துப் பற்றவைத்தார். இப்போது பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாக தமிழ்மாறனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"சரியா இருக்கா?"

தமிழ்மாறன் பாட்டு பாதி ஓடுவதற்குள் முகத்தைச் சுளித்தார். "காதுல கம்பிய உட்டு நோண்டுறாப்ல இருக்குடா. என்னா பண்ண உள்ள?"

புருஷோத்தமன் சொன்னார்.

"அத திருப்பி மாட்டு. கோவிச்சுக்காம கேளு, இது மொத தடவ இல்ல. கொஞ்ச நாளாவே நீ செய்யிற பெட்டியெல்லாம் கிறீச்சுன்னுதான் இருக்கு. நானும் எப்பிடி சொல்றதுன்னு பாத்துகிட்டே இருந்தேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி காதைக் காட்டு. தறிக் கூடத்துல அத்தினி வருஷம் இருந்திருக்க."

இதைக் கேட்டதும் புருஷோத்தமனுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்த மனுஷனிடம் செவிடு என்று சொன்னால் எப்படி இருக்கும். "ஸ்டோர்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து பேனா புடிச்சவன் நீ. உனக்கு என்னாடா தெரியும் சத்தத்தப் பத்தி?" என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் வேலைய பாத்து உனக்கு வயித்தெரிச்சல்" என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

தமிழ்மாறனும் லேசுப்பட்டவர் இல்லை. எழுந்து, இன்னும் கை வைக்காத மற்றப் பெட்டியைத் தூக்கினார். "என் பாதிய நான் எடுத்துட்டுப் போறேன்." ஸ்கூட்டர் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போய்விட்டார்.

ஜோடி ஸ்பீக்கரை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதைப் போன்ற கோமாளித்தனம் உலகத்தில் கிடையாது. ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் வரட்டும் என்று இவரும், இவன் வரட்டும் என்று அவரும் வருஷக்கணக்கில் இருந்தார்கள். சண்டே மார்க்கெட்டில் ஒருவர் இந்தப் பக்கம் வந்தால் மற்றவர் அந்தப் பக்கம் போனார்.

போன தை மாதம் தமிழ்மாறன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. புருஷோத்தமன் சாவுக்குப் போனார். வீட்டுக்குள் போகக் கால் வரவில்லை. தெருமுனை டீக்கடை ஓரம் நின்று, தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஏன் என்று மனைவி அமுதவல்லியும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த சில நாளில் தமிழ்மாறனின் மனைவி சந்திரகலா லோடு ஆட்டோவில் அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"அண்ணா, முப்பதாம் நாள் படையல் வருது. அவங்கவங்க வீட்ல பிராந்தி வைப்பாங்க, சுருட்டு வைப்பாங்க. இவருக்கு ஒரு பழக்கமும் கெடையாது. என்னாத்த வச்சு படைக்கிறது. இந்த ரெண்டும் ஒண்ணா பாடி அவரு கேக்கவே இல்ல. அன்னிக்கு ஒரு நாளு போட்டோ முன்னாடி வச்சு பாட உடுங்கண்ணா."

"நான் பாத்துக்கறேன், நீ போம்மா" என்றார் புருஷோத்தமன். 

ஆனால் மனித மனசு கேடுகெட்டது. அவள் போனதும் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, துக்கத்துக்கு அடியில் ஒரு சின்னக் குறுகுறுப்பு தலைதூக்கியது. இப்போதாவது யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். செத்தவனிடமும் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிற ஜென்மம் அவர். திருகாணிகளைக் கழற்றி தமிழ்மாறனின் பெட்டிக்குள் பார்த்தார். வளையம் சுத்தமாக ஒட்டியிருந்தது. கண்டென்சர்கள் புதுசு. ரெசிஸ்டரில் கை வைக்கவே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

போனில் ஒரு ஆப் வைத்திருந்தார். அதில் ஒரு ஒற்றைச் சத்தம் அடித் தொனியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும், ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க உதவும். தமிழ்மாறனின் பெட்டிக்கு அதைக் கொடுத்தார். சத்தம் ஏறியது, மெலிந்தது, பாதி வழியிலேயே காணாமல் போனது. "ட்வீட்டர் அவுட்டு. இத வச்சுகிட்டுத்தான் என்னைய சொல்லியிருக்கான்" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். பிறகு ஒயரைத் தன் பெட்டிக்கு மாற்றினார். சத்தம் ஏறியது, மெலிந்தது, அதே இடத்தில் காணாமல் போனது.

ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு என்று நினைத்து வால்யூமைத் திருகினார். ஒன்றும் இல்லை. இன்னும் திருகினார்.

அடுக்களையிலிருந்து அமுதவல்லி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்து அவர் எதிரே நின்றாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவள் வாய் அசைந்தது. அவர் நிறுத்தினார்.

"என்னா இப்ப?"

"காதுல ஊசிய ஏத்துறாப்ல கூவுது. நானும் அங்கேருந்து எத்தினி தடவ கத்துறது?"

"எது கூவுது? ஒண்ணுமே வரலியே."

அமுதவல்லி அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, மூடியபடியே ஏதோ சொன்னாள். அவருக்கு முணுமுணுவென்று ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பேசுவது போல.

"என்னா சொன்ன?"

அவள் முந்தானையை இறக்கினாள். "தமிழ்மாறண்ணன் சொன்னது நெசந்தான்னு சொன்னேன்."

புருஷோத்தமன் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். குக்கர் விசில் சரியாக வரவில்லை என்று அவர் மாற்றி மாற்றிப் போட்ட ரப்பர் வளையங்கள் ஞாபகம் வந்தன. வீட்டில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்று அவர் போட்ட சண்டைகள் ஞாபகம் வந்தன. பெட்டி வாங்கிக்கொண்டு போய் மறுபடி இந்தப் பக்கமே வராத ஆட்களுக்கெல்லாம் ரசனை இல்லை என்று அவர் தீர்ப்பு எழுதியிருந்தார். அவர்கள் வீடுகளில் அந்தப் பெட்டிகள் இத்தனை நாளும் கிறீச்சிட்டுக்கொண்டு இருந்திருக்கும்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"மில்லு ஓடும்போதேதான். பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. அதான் எப்பவும் எதிர்ல வந்து நின்னு பேசுவேன்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னவருக்கு என்னா ஆச்சுன்னு பாத்தேனே" என்றாள் அமுதவல்லி. அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. ஒரு நண்பன் நல்லதுக்குச் சொன்னான். அவனை வயிற்றெரிச்சல்காரன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவன் சாகிறவரை பேசாமல் இருந்துவிட்டோம் என்று திரும்பத் திரும்ப நினைத்தார். மன்னிப்புக் கேட்கக்கூட ஆள் இல்லை.

மறுநாள் கழற்றிய சாமான்கள் போடும் பிஸ்கட் டப்பாவைக் கொட்டித் தேடி, அந்த ரெசிஸ்டரைக் கண்டெடுத்துப் பழைய இடத்திலேயே பற்றவைத்தார். இனிமேல் அவர் காதை அவரே நம்ப முடியாது. அமுதவல்லியை எதிரே உட்கார வைத்தார். பாட்டு கேட்கிற வழக்கமே இல்லாத அவள், பரீட்சைக்கு வந்தவள் மாதிரி மடியில் கை வைத்து உட்கார்ந்தாள். தமிழ்மாறனுக்குப் பிடித்த வீணை ரெக்கார்டைப் போட்டார்.

"எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "ரெண்டு பக்கத்துலயும் இல்லீங்க. நடுவுல வருது. நடுவுல யாரோ உக்காந்து வாசிக்கறாப்ல இருக்கு."

ஜோடி ஒன்றாகச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அவருக்கு அது கேட்கவில்லை. அவர் காதுக்கு வீணை கம்பளி போர்த்திக்கொண்டு எங்கேயோ தூரத்தில் கிடந்தது. கையை வைத்த இடத்தையெல்லாம் மாற்றிப் பளிச்சென்று ஆக்கத் துடித்தது மனசு. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படையலன்று முதலியார்பேட்டை வீட்டில் மாலை போட்ட போட்டோவுக்கு இரண்டு பக்கமும் பெட்டிகளை நிறுத்தினார். தலைவாழை இலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் முட்டையும் வைத்திருந்தார்கள். கற்பூரம் காட்டியதும் சந்திரகலா தலையசைக்க, அவர் வீணையை ஓட விட்டார். வந்திருந்த சொந்தக்காரர்கள் கும்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் மரியாதைக்கு நின்றுவிட்டு, சாப்பிடப் பின்கட்டுக்குப் போனார்கள். அமுதவல்லியும் பரிமாறப் போனாள்.

புருஷோத்தமன் பெட்டிக்குப் பின்னாலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வேலை செய்கிறவர் உட்காருகிற இடம் அது.

"சரியா இருக்காம்மா?" என்று சந்திரகலாவைக் கேட்டார்.

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு என்னாண்ணா தெரியும். அவரத்தான் கேக்கணும்."

அவள் இலையை எடுக்க உள்ளே போனாள். அறையில் வேறு யாரும் இல்லை. புருஷோத்தமன் எழுந்து வந்து எதிரே நின்று போட்டோவைப் பார்த்தார். வாலிபத்தில் மில் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். உதடுகள் இறுக்கமாக மூடியிருந்தன. ரெக்கார்ட் ஓடி முடிகிற வரை அவர் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.