மாமாவின் காரில் வேறு எஞ்சின்

மாமா மஸ்கட்டிலிருந்து வரப் பத்து நாள் இருக்கும்போது, அவருடைய காரின் எஞ்சினை அப்பா பாழாக்கினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வெளிநாட்டு வேலைக்குப் போய் அவர் வாங்கிய முதல் பெரிய பொருள் அந்த வெள்ளை அம்பாசிடர். பழைய வண்டிதான். ஆனாலும் வருடத்தில் ஒரு மாதம் ஊருக்கு வரும்போது வேறெதிலும் ஏறமாட்டார். மீதிப் பதினோரு மாதம் அது வடகரையில் எங்கள் வீட்டில் நிற்கும். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதும் என்பது ஏற்பாடு. அப்பா ஸ்டார்ட் பண்ணுவதோடு நிறுத்தியதே இல்லை; தினமும் வேலைக்கே அதில்தான் போவார்.

அந்த ஆனியில் சாரல் தொடங்கியதும் எங்களைப் பழைய குற்றாலத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். மேட்டில் வண்டிகள் நகராமல் நின்றன. காரின் முன்பக்கம் வெள்ளையாக ஏதோ எழும்புவதை முதலில் பார்த்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

"அப்பா, புகை வருது."

"அது சாரல்ட்டி."

சாரல் கீழிருந்து மேலே போகாது என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிட்டது.

மறுநாள் தென்காசி ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல் ஓடியிருந்ததாம். உள்ளே எல்லாம் இறுகிப்போயிருந்தது.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. இதையே சரி பண்ணணும்னா லேத்துக்கு அனுப்பி, பிஸ்டன் மாத்தி, ஒரு மாசம் ஆவும். இல்லன்னா புனலூர்ல இதே மாதிரி வண்டி ஒண்ணைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. அந்த எஞ்சின் நல்லாருக்கு. நாலு நாள்ல தூக்கி வச்சிருவேன்."

வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. அம்மா ஒரே முடிவாக இருந்தாள்.

"அவன் வண்டி. அவன் எஞ்சினையே சரி பண்ணுங்க. சூடாயிப் போச்சுன்னு எந்தம்பிகிட்ட நானே சொல்லுதேன்."

"நீ சொல்லி, அவன் பரவால்ல அத்தான்னு சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் பாக்கணுமாக்கும்?"

புனலூர் எஞ்சின் வந்தது. அப்பா அதைத் துடைக்கவிடவில்லை. பார்த்தால் பழைய எஞ்சின் மாதிரியே இருக்க, மேல்மூடியை மட்டும் பழையதிலிருந்து கழற்றி இதில் மாட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "மாமாகிட்ட மூச்சு விடக்கூடாது, என்னட்டி" என்றார். பெரியவர்களின் ரகசியம் ஒன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா வந்தார். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சாவியை வாங்கிக்கொண்டு போனார். ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு இறங்கி பானெட்டைத் தூக்கி, குனிந்து, கைக்குட்டையால் எஞ்சினின் பக்கவாட்டில் ஓரிடத்தைத் துடைத்து, எதையோ படிப்பதுபோலப் பார்த்தார். அப்பா என் தோளில் கை வைத்திருந்தார். கை கனத்தது.

"நல்லா வச்சிருக்கீங்க அத்தான்" என்று மாமா பானெட்டை மூடினார்.

அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் திருவிழாதான். ஐந்தருவிக்கே நான்கு தடவை போனோம். மாமா ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். மாமா எல்லாவற்றுக்கும் "ஆமா அத்தான்" என்பார். அம்மா பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாட்டில் மாமா சொன்னார்:

"அத்தான், இந்த வண்டியை ஒங்க பேருக்கே மாத்திருவோம். ஒரு மாசம் ஓட்டுததுக்கு எனக்கு எதுக்கு? பேரை மாத்தும்போது ஆர்.சி. புக்குல எஞ்சின் நம்பரையும் சேத்தே மாத்திருங்க. இல்லன்னா பின்னால ஒங்களுக்குத்தான் செரமம்."

குரலில் கோபம் இல்லை. அப்பளத்தை உடைத்துக்கொண்டேதான் சொன்னார். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா தம்பிக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

நான் இலையை விட்டு எழுந்து குதித்தேன். கார் எங்களுக்கே கிடைத்துவிட்டது. ரகசியமும் என் வாயிலிருந்து வெளியே போகவில்லை. இரண்டும் என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

அப்பா மோரைத் தொடாமல் எழுந்து கொல்லைக்குப் போனார். பின்னாலேயே ஓடி, "அப்பா, இனி கார் நமக்குத்தானா?" என்று கேட்டேன்.

"நமக்குத்தான்" என்றார், திரும்பாமல்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன், எங்கள் மாமா சும்மாவே கார் கொடுத்துவிட்டார் என்று. இவ்வளவு பெரிய பரிசு கிடைத்த மனிதர் ஏன் ஒரு வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போனார் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. புது எஞ்சினும் கெட்டுவிட்டதோ என்றுதான் பயந்தேன்.