மாநாட்டுக்கு விரித்த வெள்ளை

இதை எழுதவேண்டும் என்று கொப்பியை எடுத்து, முதல் வரியோடு மூடிவைத்த நாட்கள் கனக்க. என்னை நல்லவன் என்று நினைக்கிற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாசிப்பார்களே என்ற கூச்சம்தான் காரணம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததைப் பிழையாகச் சொல்லமாட்டேன். பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

யுத்த காலம். யப்பான்காரன் எங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது தம்பலகாமத்துக்கு ஓடின சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் முழு இலங்கைக்குமான ஒரு அரசியல் மாநாட்டை எங்கள் ஊரில் வைக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. அதுவரைக்கும் மாநாடு என்றால் கொழும்பில் நடக்கும், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் நடக்கும். நாங்கள் பேப்பரில் வாசிப்போம். இந்த முறை எங்களிடம் வருகிறது என்றதும் ஊருக்கே கால் நிலத்தில் பாவவில்லை.

பொழுதுபடுமுன் கூட்டம் கலைய வேண்டும், வெளியில் விளக்கு தெரியக்கூடாது என்று சொல்லி வெள்ளைக்காரர் அனுமதி கொடுத்தார்கள். பிரதிநிதிகளை வீடுவீடாகப் பங்குபோட்டுத் தங்கவைத்தோம். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் வேலை பார்க்கிறவன் என்றபடியால் மாநாட்டுப் பந்தலையும் என் தலையில் கட்டினார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். சாமிக்குச் செய்கிற மாதிரியே இதற்கும் செய்ய நினைத்தேன். பந்தலுக்குள் மேலே வெள்ளைத்துணி கட்டவேண்டும். தலைவர்கள் நடந்து வரும் வழியில் நிலத்திலும் வெள்ளைத்துணியால் நிலபாவாடை விரிக்கவேண்டும். இரண்டையும் செய்கிறவர் ஊருக்கு உடுப்பு வெளுக்கிற எங்கள் கட்டாடி. அந்த நாளில் அவரை ‘அவன்’ என்றுதான் சொல்லுவோம்.

மாநாட்டுக்கு முதல் நாள் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“உள்ளுக்குக் கட்டுறது பரவாயில்லை, ஐயா. வெளியிலை விரிக்கிறதுதான் யோசினையாக் கிடக்கு. மேலை ஏரோப்பிளேன் திரியுது. வெள்ளை நல்லாத் தெரியுமெல்லோ.”

“ஏன், யப்பான்காரன் உன்ரை வெளுப்பைப் பார்க்கவோ வாறான்? கறை போகேல்லை எண்டு குறை சொல்லுவான் எண்டு பயமோ?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, “ஐயா சொன்னால் விரிக்கிறன்” என்றார்.

அடுத்த நாள் காலமை கடற்கரைத் தெருவிலிருந்து திடலுக்குக் குறுக்கே பந்தல் வாசல் வரைக்கும் விரித்தார். எல்லாம் ஊராருடைய வேட்டியும் சேலையும். வெளுக்கக் கொடுத்த உடுப்பைத்தான் இதற்கு எடுப்பார்கள், அது வழக்கம். நல்ல வெயில், பார்க்கக் கண் கூசியது. நான் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றேன்.

ஒரு ஏரோப்பிளேன் தாழப் பறந்து வந்து சுற்றியது. இங்கிலீசுக்காரருடையதுதான். திரும்பவும் ஒருமுறை சுற்றிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவர், தமிழ் தெரிந்த பொலிஸ் சார்ஜன் ஒருவர், நாலைந்து சிப்பாய்கள். மேலேயிருந்து பார்த்தால் நீளமாக ஒரு வெள்ளைக்கோடு தெரிகிறதாம், அதன் நுனி துறைமுகத்தை நேரே காட்டுகிறதாம். எதிரிக்கு அடையாளம் போட்டிருக்கிறது என்றார் சார்ஜன்.

“ஆர் இதை விரிச்சது?”

கட்டாடி கையில் கடைசிச் சேலையோடு நின்றார். “நான்தான் ஐயா.”

“ஆர் விரிக்கச் சொன்னது?”

அவர் என்னைப் பார்த்தார். நானே சொல்லுவேன் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். பத்தடி தூரம்கூட இல்லை. நெற்றி நிறையத் திருநீறு, கையில் பன்னீர்ச் செம்பு. நான் குனிந்து செம்புக்குள் பார்த்தேன். கன்னத்தில் அறைந்து அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். துணிகளையும் வாரி அள்ளிக்கொண்டு போனார்கள்.

வரவேற்புச் சபைத் தலைவர் எங்கள் ஊர்ப் பிறக்கிராசியார். வழக்குப் பேசுகிற மனிசன், போய்க் கதைப்பார் என்று ஓடினேன்.

“மாநாடு முடியட்டும்” என்றார். “இப்ப வாயைத் திறந்தால் அனுமதியை வெட்டிப்போடுவாங்கள். கொழும்பிலையிருந்து வந்த ஆக்களுக்கு என்ன முகத்தோடை பதில் சொல்லுறது?”

“அவனை அடிக்கிறாங்களே.”

“கட்டாடிதானே. ரெண்டு அடியைத் தாங்குவான்.”

படித்த வாயிலிருந்து வந்த சொல்லா இது என்று நினைத்தேன். ஆனாலும் போய் என் இடத்தில் இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கட்டாடியின் பெண்சாதி வந்து பந்தலுக்கு வெளியே கயிற்றுக்கு அப்பால் நின்றார்.

“ஐயா, நீங்கள் சொல்லித்தானே அவர் விரிச்சவர். போய் ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்.”

“பொறு பிள்ளை, மத்தியானம் கழியட்டும்.”

“மத்தியானம் கழிஞ்சு போச்சு ஐயா.”

உள்ளே மணி அடித்தார்கள். நான் போய்விட்டேன்.

பின்னேரம் தீர்மானங்கள் வாசித்தார்கள். விசாரணை இல்லாமல் எவரையும் மறித்து வைக்கக்கூடாது என்று ஒன்று. ஆதரிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். எல்லாருடைய கையும் எழும்பியது. என்னுடையதும் எழும்பியது. கையை உயர்த்தினபடியே திரும்பினால், அந்த மனிசி கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அழவில்லை, கூப்பிடவும் இல்லை. முருகா, என்ன காரியம் செய்கிறேன் என்று எழும்பினேன். ஆரோ “இருங்கோ அண்ணை” என்று வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு நடந்தேன்.

பொலிஸ் ஸ்டேசனில் என்னையும் பூட்டுவார்கள் என்றுதான் போனேன். சார்ஜன் கதிரை தந்தார். நான்தான் விரிக்கச் சொன்னது, கோயிலில் இப்படித்தான் செய்வோம், யுத்தத்தை நினைக்கவில்லை என்று சொன்னேன். அவர் அதை அதிகாரிக்கு இங்கிலீசில் சொன்னார். அதிகாரி என் நெற்றியைப் பார்த்தார், ஒரு கடுதாசியில் கையெழுத்து வாங்கினார். பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

“இவ்வளவுதானோ? இதைக் காலமையே சொல்லியிருக்கலாமே” என்றார் சார்ஜன்.

அந்தக் கதிரையில் எனக்கு இருக்கவும் ஏலாமல் போனது, எழும்பவும் ஏலாமல் போனது.

கட்டாடியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. இடது காதிலிருந்து வடிந்த இரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

“துணியெல்லாம் எங்கை ஐயா? ஊராற்றை உடுப்பு.”

மனிசி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. அடுத்த மாதம் குடும்பத்தோடு குடாவைக் கடந்து கட்டைபறிச்சானுக்குப் போய்விட்டார்கள். கோயிலில் நான் அவருக்காக அருச்சனை செய்வித்தேன். ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

மாநாட்டின் இரண்டாம் நாள், அதிகாரிகளுக்கு முன்னால் துணிந்து நின்று ஒரு ஏழையை மீட்டவன் என்று பிறக்கிராசியார் எனக்கு மாலை போட்டார். நான் கழுத்தைக் குனிந்து கொடுத்தேன். சனம் கைதட்டியது. இன்றைக்கும் ஊரில் அந்தக் கதைதான் நடக்கிறது.

ஆகையால் இதை வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஆருக்காவது சொல்வதென்றால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். காலமை எட்டு மணிக்கு அவரைப் பிடித்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்குத்தான் நான் வாய் திறந்தேன். என்மேல் இரக்கப்பட்டு ஒரு மணித்தியாலத்தையும் குறைத்துவிட வேண்டாம்.